பூனைகளோடு மலையேறினோம்

பூனையைச் சாக்கில் கட்டி ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவருவது நம் கிராமங்களில் பழகிய செய்தி. அப்படியிருக்க, பூனைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவற்றின் சுகத்தையும் முன்னிட்டு மலைநாடு தேடிச் செல்வோரும் உளர் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அவ்வாறு சென்றவர்களுள் நாங்களும் இருவர்.

கணவனும் மனைவியுமாக நாங்கள் குடியிருப்பது அமெரிக்க நாட்டில், அரிசோனா மாநிலத் தலைநகராகிய பீனிக்ஸில். பாலைவனத்தின் நடுவே அமைந்த நகரம். 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாட்கள், அங்கே பகல் வெப்பம் 110 பாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியசுக்குக் குறையவே இல்லை. அதற்குமுன் 1974இல் 18 நாட்கள் நீடித்ததே பெரிதாகப் பேசப்பட்டு வந்தது. இரவு வந்தாலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. பல இரவுகளில் வெப்பம் 32 செல்சியசுக்குக் கீழே இறங்க மறுத்தது.

அந்த ஜூலையில்தான் நண்பர் ஒருவரிடம் வீட்டு ஊர்தியை இரவல் பெற்றோம். ஆர்.வி. என்று அந்நாட்டினர் சுருக்கமாக அழைக்கும் இவ்வூர்தியில் படுக்கை, அடுப்பு, குளியலறை, கூரைமேல் குளிர்சாதனம் யாவும் உண்டு. முகாமிடும் இடத்தில் நிறுத்தி, அங்குள்ள கம்பத்திலிருந்து மின்சாரத்தை இழுத்துக்கொண்டால் அதுவே வீடு. எங்கள் பூனைகள் இரண்டு: கறுப்பி, பன்னிரண்டு வயதுக் கிழவி, உடல் பருத்தவள், முத்து, இரண்டு வயதுக் குறும்பன். யாரிடமும் விட்டுச் செல்ல மனம் வரவில்லை. மணல்தட்டைக் குளியலறையில் வைத்தோம். கூண்டுகளை இருக்கையோடு கட்டினோம். புறப்பட்டோம்.

புறப்படுமுன்னரே ஒரு படிப்பினை கிடைத்தது. இவ்வூர்திகள் சிலவற்றில் சுவரின் ஒரு பகுதி, விசையை அழுத்தினால், மேசை இழுப்பறைபோல் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். அதை உள்ளே இழுக்க விசையில் விரல் வைத்தபோது முத்துவைக் காணவில்லை. கட்டிலுக்கடியில் இல்லை, அலமாரியில் இல்லை. நகரும் சுவருக்கும் தரைக்கும் இடையேயிருந்த சந்தினுள் இரண்டு கண்கள் ஒளிர்ந்தன. இன்னும் ஒரு நொடி! அன்று முதல், இரண்டு தலைகளையும் எண்ணிப் பாராமல் அந்த விசையைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டோம்.

வடக்கே பிளாக்ஸ்டாஃப் நகரம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஒரே நாளில் சென்றிருக்கலாம். ஆனால் ஏற்றத்தில் வண்டியின் எஞ்சின் கொதித்துவிடுமோ என்று அஞ்சி, பாதி வழியில் வெர்டே பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையை ஒட்டிய முகாம் ஒன்றில் தங்கினோம். அங்கும் வெளியே 40 செல்சியசு. ஆயினும் என்ன? கம்பத்தில் மின்சாரம் இருந்தது, குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது, பூனைகள் இரண்டும் சன்னலோரத்தில் சாய்ந்து குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. குக்கரில் அரிசியைக் களைந்து வைத்து, விசையைத் தட்டிவிட்டு, காய்கறி வாங்கக் கடைக்குப் புறப்பட்டோம். பின்னால் இழுத்து வந்திருந்த சிறு கார் அதற்கு உதவியது.

கடை வாசலை அடைந்தபோது பணப்பையை ஊர்தியிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. சலித்துக்கொண்டே திரும்பினோம். இதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவுடன் முகத்தில் அனல் அடித்தது. குளிர்சாதனத்தின் இரைச்சல் இல்லை. குக்கரில் அரிசி பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. முத்து குளியலறைத் தரையில் தட்டையாய் ஒட்டிக் கிடந்தான். கறுப்பியோ வாயைப் பிளந்து, நாய்போல மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தோம். அக்கம்பம் அளித்தது 120 வோல்ட்டில் 30 ஆம்பியர். அதாவது 3,600 வாட். குளிர்சாதனம் ஒன்றே 1,500 வாட்டுக்கு மேல் உண்ணும். வெந்நீர்க் கலம் ஏறத்தாழ 1,400. அவற்றின்மேல் அரிசிக் குக்கரையும் ஏற்றிவிட்டோம். கம்பத்துப் பாதுகாப்பு விசை தன் கடமையைச் செய்து தானே அணைந்துவிட்டது. யார்மீது குறை சொல்ல? குக்கரைத் தட்டிவிட்டவர் கணவரா மனைவியா என்பதை மட்டும் இங்கே எழுதப்போவதில்லை.

பூனை பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வழித்தோன்றல், ஆகவே வெயிலைத் தாங்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காட்டுப்பூனைக்குப் புதர் நிழல் உண்டு. பகலில் உறங்கி இரவில் வேட்டையாடும் உரிமை உண்டு. பூட்டிய ஊர்திக்குள் அது எங்கே ஒதுங்கும்? பூனைக்குப் பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு வியர்க்கும். மற்றபடி உடலை நக்கி, எச்சிலின் ஈரத்தால் குளிர்ச்சி தேடும். நாய் இளைப்பது இயல்பு. பூனை இளைத்தால் அது அபாய அறிகுறி.

நின்றுவிட்ட வாகனங்களைப் பற்றி 2005ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஏடு ஒன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வெளியே மிதமான வெயில் இருந்த நாட்களிலும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 செல்சியசு ஏறிற்றாம். அவ்வேற்றத்தின் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிட்டதாம். சன்னலைச் சிறிது திறந்து வைத்ததால் பயன் ஒன்றும் காணப்படவில்லை. வீட்டு ஊர்தி காரைவிடப் பெரிது. சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். ஆயினும் வெயிலில் நிற்கும் மூடிய பெட்டிதானே அதுவும்?

கறுப்பியைக் குளிர்ந்த நீரில் நனைத்த துண்டால் துடைத்தோம். பனிக்கட்டி வைக்கவில்லை, அது கூடாது என்று எங்கோ கேட்ட நினைவு. வயிற்றிலும் பாதங்களிலும் நீர் தடவி, காரின் குளிர்காற்றில் அமர்த்தி, மருத்துவரிடம் ஓடினோம். இவ்வளவுக்குப் பின்னும் உடல் வெப்பம் 40 செல்சியசுக்கு மேல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் எழுந்து நின்று, மேசை மேலிருந்த தாளை முகர்ந்தாள். பிழைத்தாள் என்று மகிழ்ந்த எங்களிடம் மருத்துவர், வெப்பத் தாக்குதலின் கேடு சிறுநீரகத்தில் ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும் என்று கூறி, இரவு முழுதும் அவளைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பணப்பை நினைவு வராமல் கடைக்குள் நுழைந்திருந்தால்? அந்த இரவு நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பாதி வெந்த சோறும் அப்படியே கிடந்தது.

மறுநாள் மாலை மலையேறினோம். கள்ளிகள் பின்தங்கின, உயரம் கூடக்கூடப் பாண்டரோசா பைன் மரங்கள் இருபுறமும் அணிவகுத்தன. உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 செல்சியசு இறங்கும் என்பது பள்ளிப் பாடம். பீனிக்ஸ் 330 மீட்டர். பிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். அங்கே ஜூலைப் பகலும் வழக்கமாக 28 செல்சியசை ஒட்டியே நிற்கும். பிற்பகலில் இடி இடித்து மழையும் பெய்யும். நகருக்கு வெளியே கோகோனினோ தேசியக் காட்டில் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்க இடமுண்டு. மின்கம்பம் இல்லை, குழாய் நீரும் இல்லை. எங்களுக்கு அதுவே போதுமானதாகப்பட்டது. மின்சாரத்தை நம்பி நிற்கும் குளிர்ச்சி மின்சாரத்தோடு போய்விடும். மலை தரும் குளிர்ச்சியை அணைக்க விசை ஏது?

காட்டிலும் அச்சம் இல்லாமல் இல்லை. கயோட்டி என்னும் ஓநாயினத்து விலங்கு பூனையைக் கவ்விச் செல்லும். இரவில் பெரிய ஆந்தையும் தூக்கும். எனவே வார்ப்பட்டை இன்றி இருவரும் வெளியே காலடி வைக்கவில்லை. தோலடியில் பதித்த சிறு சில்லில் எங்கள் முகவரிக்கு உரிய எண் இருந்தது. இவற்றைவிட எங்களை உறுத்தியது வேறொன்று. வட அரிசோனாவின் காட்டு எலி, அணில் இனங்களிடையே பிளேக் நோய் இன்றும் உண்டு. 2025 ஜூலையில் கோகோனினோ மாவட்டத்தில் ஒருவர் நுரையீரல் பிளேக்கால் இறந்த செய்தி வந்தபோது எங்கள் நினைவு அக்காட்டுக்கே சென்றது. தெள்ளுப்பூச்சி கடித்தாலும் எலியைத் தின்றாலும் பூனைக்கு அது எளிதில் தொற்றும். பூனையிடமிருந்து மனிதருக்கும் தாவும். தெள்ளுக்கு மருந்து தடவியிருந்தோம். முத்துவின் வேட்டை ஆசையோ வார்ப்பட்டையின் நீளத்தோடு முடிந்தது. அதற்காக அவன் எங்களை மன்னிக்கவே இல்லை.

முதல் இரவு ஊர்தியின் சன்னல்களைத் திறந்து வைத்துப் படுத்தோம். நள்ளிரவில் குளிர் தாங்கவில்லை. ஜூலை மாதத்தில், அரிசோனாவில், எழுந்து போர்வை தேடினோம்! கறுப்பி மெல்ல நடந்துவந்து, போர்வையின் ஓரத்தை மூக்கால் தூக்கி உள்ளே நுழைந்து, எங்கள் கால்களுக்கிடையே சுருண்டு படுத்தாள். பதினொரு நாட்கள் அங்கே தங்கினோம். குளிர்சாதனத்தின் விசையை ஒருமுறையும் தொடவில்லை.