எம்டன்... மெட்ராஸை ஓட வெச்ச கேப்டன்!

'எங்கப்பா ஒரு எம்டன் மச்சான்... டூருக்குக் காசு கேட்டா அவ்ளோதான்!' ஹாஸ்டல் ரூமில் இந்த டயலாக்கைக் கேட்காதவர் உண்டா? 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படமே அறிவித்தார்கள். பிறகு அது 'எம் மகன்' ஆகி ரிலீஸானது. ஆனா, யாரு பாஸ் இந்த எம்டன்? ஆளே கிடையாது... அது ஒரு கப்பல்!

ஒரு சாயங்காலம் நொச்சிக்குப்பம் கடற்கரைக்குப் போங்க. வலை, படகு, மீன் வாசனை எல்லாத்தையும் தாண்டி மணலில் உட்கார்ந்து வடக்கே பாருங்க. அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி துறைமுகம். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில், அந்தத் துறைமுகத்துக்கு எதிரேதான் விளக்கை அணைச்சுட்டு வந்து நின்றது ஜெர்மனியின் எம்டன்.

அப்போ குப்பத்துக்குப் பக்கத்தில் இப்போதைய கலங்கரை விளக்கம் கிடையாது. அது 1977-ல் வந்தது. அன்றைக்கு ஹைகோர்ட் கட்டடத்து உச்சியில்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் போர் ஆரம்பிச்சு ஒன்றரை மாசம் ஆகியிருந்தும் மெட்ராஸில் இருட்டடிப்பு இல்லை. எதிரிக்கு நாமளே டார்ச் அடிச்சு வழி காட்டின மாதிரி!

அரை மணி நேரம்... 125 குண்டுகள்!

கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் நின்று, சர்ச் லைட்டைப் போட்டு சுட ஆரம்பித்தது எம்டன். குறி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள். இரண்டு டாங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் அடி வாங்கியது. ஒரு குண்டு ஹைகோர்ட் மதில் சுவரைப் பெயர்த்தது. அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனா பாருங்க.

கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகள் சுட்டன. ஒன்றுகூட எம்டன் மேல் படவில்லை. அது பாட்டுக்கு இருட்டில் மறைந்துவிட்டது.

மறுநாளே ஊர் மூட்டை கட்டியது. ரயிலிலும் வண்டியிலுமாக ஆயிரக்கணக்கானவர்கள் வெளியூருக்கு ஓடினார்கள். 'பிரிட்டிஷ்காரன் இருக்கான், பார்த்துப்பான்' என்ற நம்பிக்கை அரை மணி நேரத்தில் பொசுங்கிப் போச்சு. அந்தக் கேப்டன் எதிர்பார்த்ததும் இதைத்தான். எண்ணெயைவிட, பிரிட்டிஷ் அரசின் கெத்தை எரிப்பதுதான் அவருக்கு முக்கியம்.

யார் அந்த கேப்டன்?

கார்ல் ஃபொன் முல்லர். 1873-ல் ஹனோவரில் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். அதிகம் பேசாத, கூச்ச சுபாவி. ஆப்பிரிக்கக் கடற்கரையில் வேலை பார்த்தபோது வந்த மலேரியா, கடைசி வரை அவரை விடவே இல்லை. 1913-ல் எம்டன் அவர் கைக்கு வந்தது.

போர் ஆரம்பித்ததும் ஜெர்மன் கப்பல் படை பசிபிக் பக்கம் கிளம்ப, 'நான் ஒருத்தன் மட்டும் இந்துமாக்கடலுக்குப் போறேன்' என்று கேட்டு வாங்கி வந்தவர் முல்லர். எம்டனுக்கு மூணு புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பல்னு நம்ப வைக்க, நாலாவதா ஒரு டூப்ளிகேட் புகைபோக்கியை நிறுத்தினார்கள். செம கெட்டப்!

இரண்டே மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். வங்காள விரிகுடாவில் சிக்கிய 'இண்டஸ்' கப்பலில் இருந்தது என்ன தெரியுமா? சோப்பு! குளிக்க சோப்பில்லாமல் தவித்த மாலுமிகளுக்கு அன்றைக்குத் தீபாவளிதான். பிடிபட்ட கப்பலில் இருப்பவர்களை முதலில் பத்திரமாக இறக்கிவிடுவார். அப்புறம்தான் கப்பலை மூழ்கடிப்பார். இதனால் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரை 'ஜென்டில்மேன்' என்று எழுதின.

அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். வெளியே வரும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும். ஆனால் நவம்பர் 9-ல் ஆட்டம் முடிந்தது. கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்கப் போனபோது, ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' வந்து சேர்ந்தது. பெரிய பீரங்கிகள், அதிக வேகம். எம்டன் சல்லடையானது. மூழ்கிவிடாமல் இருக்க, கப்பலைப் பவளப்பாறை மேல் ஏற்றி நிறுத்தினார் முல்லர். அதற்குள் 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள் போய்விட்டார்கள்.

அப்புறம் மால்டாவில் சிறை. பிறகு இங்கிலாந்தில் ஒரு முகாம். 1917-ல் அங்கே சுரங்கம் தோண்டி 21 பேரோடு தப்பித்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த முகாம் இருந்த இடம் இன்று நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஒரு கேம்பஸ்!

அவருக்கு ஜெர்மனியின் உயரிய ராணுவ விருது கிடைத்தது. 'புக் எழுதுங்க, கொட்டும் காசு' என்றார்கள். கூட வந்தவர்களின் ரத்தத்தைக் காசாக்குவது போலிருக்கும் என்று மறுத்துவிட்டார். 1923-ல், ஐம்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார்.

செண்பகராமன் வந்தாரா?

'அந்தக் கப்பல்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தார்' என்று ஒரு கதை உண்டு. பட்டிமன்றத்தில் கைதட்டல் அள்ளும் மேட்டர். ஆனா, அவர் எம்டனில் வந்ததற்கு ஆவண ஆதாரம் கிடையாது. ஐரோப்பாவில் இருந்துகொண்டே இந்திய விடுதலைக்காக அவர் செய்த வேலைகள் நிஜம். அதுவே பெரிய விஷயம். கப்பலில் ஏற்றித்தான் அவரை ஹீரோ ஆக்கணும்னு இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. முல்லர் ஜென்டில்மேன்தான். ஊரைச் சுடாமல் எண்ணெயைத்தான் குறி வைத்தார். இருந்தும் அந்த ராத்திரி மெட்ராஸில் குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள், பலர் காயம்பட்டார்கள். யாரோ இரண்டு பேரரசுகள் போட்ட சண்டையில் அவர்களுக்கு என்ன பங்கு?

எம்டனில் பிழைத்த மாலுமிகள், தங்கள் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதித்தது. அங்கே அது பட்டம். இங்கே அது பயம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கப்பல் துருப்பிடிச்சுப் போச்சு... அந்த பயம் மட்டும் நம்ம வாயில் ஒரு வார்த்தையா நின்னுடுச்சு.

அடுத்த தடவை அப்பாவை 'எம்டன்'னு திட்டும்போது, ஹைகோர்ட் சுவரில் இருக்கிற அந்தக் கல்வெட்டையும், செத்துப்போன அந்த அஞ்சு பேரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க ஃப்ரெண்ட்ஸ்!