கணினி முடங்கினால் உடனே அணைத்துப் போடலாமா? 2017 சித்தூர் சம்பவமும் விளக்கமும்

திருப்பதி: வீட்டுக் கணினி சரியாகத் தொடங்காவிட்டால் பெரும்பாலானோர் முதலில் செய்வது, அதை அணைத்துவிட்டு மீண்டும் போடுவதுதான். பல வேளைகளில் பலன் தரும் இந்த வழக்கம், சில வேளைகளில் கோப்புகளை மீட்கும் கடைசி வாய்ப்பையும் அழித்துவிடும். 2017-ஆம் ஆண்டின் வன்னாக்ரை தாக்குதல் அதற்குச் சான்று.

அவ்வாண்டு மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய இந்த ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரல், சுமார் 150 நாடுகளைப் பாதித்தது. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் காவல்துறைக் கணினிகள் முடங்கின. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில். சில நாள்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின.

பாதிக்கப்பட்ட திரைகளில் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கப்பட்டது. மூன்று நாள்கள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும், ஏழு நாள்கள் கடந்தால் கோப்புகள் கிடைக்கா என்பது மிரட்டல்.

அழியாமல் இருந்த சாவி

தாக்குதல் தொடங்கி ஒரு வாரத்துக்குள் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தனர். பூட்டைத் திறக்கும் சாவியைத் தீநிரல் நீக்கினாலும், அச்சாவியை உருவாக்கிய பகா எண்கள் கணினியின் தற்காலிக நினைவகத்தில் சிறிது காலம் தங்கியிருந்தன. ஆட்ரியன் கினே இதை விண்டோஸ் எக்ஸ்பியில் நிரூபித்தார். பெஞ்சமின் டெல்பியின் 'வானாகிவி' என்ற மென்பொருள் விண்டோஸ் 7 வரை அதைச் சாத்தியமாக்கியது. முக்கிய நிபந்தனை: கணினியை அணைத்திருக்கக் கூடாது. மின்சாரம் நின்றால் நினைவகம் காலியாகிவிடும். பதற்றத்தில் அணைத்துப் போட்டவர்களுக்கு இந்த வழி அடைபட்டது.

இன்றைய தீநிரல்கள் அனைத்திலும் இத்தகைய குறை இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. எனினும் பணம் கேட்கும் திரை தோன்றினால் முதலில் இணையத்தைத் துண்டித்து, திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வதே நல்லது. இணையத்தைத் துண்டிக்க வழியில்லாதபோது மட்டும் அணைக்கலாம். புகாருக்கு 1930 என்ற எண் உள்ளது.

சாதாரணப் பழுது எனில்

பணம் கேட்கும் திரை இல்லையெனில், கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் மின்னிணைப்பையும் மின்வழங்கியையும் பார்க்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்து 'பீப்' ஒலி கேட்டால், ரேம் தளர்ந்திருக்கலாம். நாளும் நேரமும் பழையதாகக் காட்டினால் மதர்போர்டிலுள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும். செலவு மிகக் குறைவு. விண்டோஸ் சின்னம் தோன்றி அங்கேயே நின்றால் வட்டிலோ இயங்குதளத்திலோ கோளாறு.

விண்டோஸ் 10, 11 இரண்டும் தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால் பழுதுபார்ப்புத் திரையைத் தாமாகவே காட்டும். அங்கிருந்து 'சேஃப் மோட்' வழியே நுழைந்து, கடைசியாக நிறுவிய மென்பொருளை நீக்கிப் பார்க்கலாம். பிட்லாக்கர் 48 இலக்க எண்ணைக் கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இவை எதுவும் பலிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, 'ஃபார்மட் செய்துவிடலாமா' என்ற கேள்விக்குத் தலையசைக்கும் முன் சற்று நிதானிக்க வேண்டும். விண்டோஸ் பழுதானால் புகைப்படங்களும் பழுதாகிவிட்டன என்று பொருளல்ல. வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் பெரும்பாலும் அவற்றை நகலெடுத்துவிடலாம்.

வன்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் மேம்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத விண்டோஸ் 10 வீட்டுக் கணினிகளுக்கு அதன்பின் இத்தகைய மேம்பாடுகள் வருவதில்லை.