எந்தத் தோட்டா நல்ல தோட்டா?



துப்பாக்கி என்றதும் நம் தோட்டத்து மக்களுக்குக் காவல் படையும் காட்டுப்பன்றி வேட்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், குறிபார்த்துச் சுடுவது ஒரு விளையாட்டும் ஆகும். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சுரியானி, எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று போட்டியிட்டார். இந்த விளையாட்டுக்கு உடல் வலிமையைவிடப் பொறுமையே முதல் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் பிள்ளைகளில் ஒருவர் இவ்விளையாட்டில் சேர்ந்தால், “எந்த முத்திரைத் தோட்டா வாங்குவது?” என்ற கேள்வி விரைவில் எழும். உழைத்துச் சேர்த்த பணம் செலவாகும் காரியம் இது. ஆகவே விடையைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா என்பது மளிகைச் சாமான் அன்று. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிக்கு மட்டுமன்றித் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். எனவே, பயிற்சி என்பது முறையான சங்கத்தின் சுடுதளத்தில், பயிற்சியாளரின் பார்வையில் மட்டுமே நடைபெற வேண்டும்.

இருபத்தைந்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் 5.6 மில்லிமீட்டர் தோட்டா பயன்படுகிறது. இதைப் ‘பாயிண்ட் டுவெண்டி டூ’ என்பார்கள். பித்தளைக் கூடு, அதன் விளிம்பில் தீப்பற்றும் மருந்து, உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. குண்டின் எடை பெரும்பாலும் 2.6 கிராம்.

இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாப்புவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., எஸ்.கே., அமெரிக்காவின் சி.சி.ஐ. ஆகியவை பெயர்பெற்ற முத்திரைகள். ஆனால், பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட முடியாது. ஒரே நிறுவனம் மலிவான பயிற்சித் தோட்டாவையும் விலையுயர்ந்த போட்டித் தோட்டாவையும் செய்கிறது.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது வேகம். குறிபார்க்கும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சாதாரண வேகத் தோட்டாவுக்காகவே செய்யப்பட்டவை. அதிவேகத் தோட்டா அவற்றின் உறுப்புகளை வீணே தேய்க்கும். கையையும் கூடுதலாக உதறும். துப்பாக்கியோடு வரும் கையேடு எதைச் சொல்கிறதோ, அதையே பின்பற்ற வேண்டும்.

அடுத்தது சோதனை. பால்மரம் வெட்டுவோருக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் கைக்கு வாகாக அமைந்த கத்தி மற்றவருக்கு அமைவதில்லை அல்லவா? அதுபோல, ஒரு துப்பாக்கிக்கு இசைந்த தோட்டா, அதே வகைத் துப்பாக்கி இன்னொன்றுக்கு இசையாமல் போகலாம். ஆகவே இரண்டு மூன்று முத்திரைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, அதே துப்பாக்கியில், அதே தூரத்தில், ஒரே நாளில் சுட்டுப் பாருங்கள். கையை மணல் மூட்டையின்மேல் தாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை மாறும்போது, முன்னதன் மெழுகும் கரியும் குழலில் ஒட்டியிருக்கும். எனவே முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு, ஒவ்வொன்றுக்கும் புதிய தாளில் பத்துப் பத்துக் குண்டுகள். மறுசுற்றில் வரிசையை மாற்றிச் சுடுங்கள். இல்லாவிட்டால், கை சோர்ந்ததன் பழி கடைசித் தோட்டாவின்மேல் விழும்.

இப்போது தாளைப் பாருங்கள். துளைகள் நடுவில் விழுந்தனவா என்பது இங்கே முக்கியமன்று. குறிக்கருவியைத் திருத்தி அதைச் சரிசெய்துவிடலாம். துளைகள் நெருங்கி விழுந்தனவா, தோட்டா சிக்காமல் வெடித்ததா என்ற இரண்டும்தான் முக்கியம்.

இருபத்தைந்து மீட்டர் துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். புதிதாகப் பழகுபவரின் கைநடுக்கம், நல்ல தோட்டாவுக்கும் மிக நல்ல தோட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. ஆகவே சிக்காமல் வெடிக்கும் நடுத்தர விலைத் தோட்டாவே தொடக்கத்துக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில பெட்டிகள் வாங்கிப் பழகலாம். பிடித்தது கிடைத்தால், பெட்டியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரிலும் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், துப்பாக்கியை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருந்து, பயிற்சியாளரை அழைக்க வேண்டும். எட்டிப் பார்க்கவே கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. ஈயத்தூள் நஞ்சு, அதிலும் சிறு குழந்தைகளுக்கு மிகக் கெடுதி. சுடுதளத்தில் எதையும் உண்ணக் கூடாது. சுட்டபின் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவ வேண்டும். அந்த உடைகளைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

தோட்டத்தில் எங்கேனும் ஒரு தோட்டா கிடந்தால், அது எந்த முத்திரையாயினும், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், பிள்ளைகள் தொடக் கூடாது, தட்டக் கூடாது, நெருப்பில் இடக் கூடாது. அந்த இடத்தைப் பெரியவர்களிடம் காட்டச் சொல்லுங்கள்; பெரியவர்கள் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதைவிட, இதைத் தெரிந்துவைத்திருப்பது நம் எல்லா வீட்டுக்கும் அவசியம்.