எந்த மனிதரிடம் எடுத்த இன்சுலின்?

ராயபுரத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சுட்டிப் பெண் என்னைக் கேட்டாள்: "மாமா, எங்க தாத்தாவோட இன்சுலின் பாட்டில்ல 'ஹியூமன் இன்சுலின்'னு போட்டிருக்கு. யார் உடம்புல இருந்து எடுத்தாங்க?"

சபாஷ், கண்ணு! ஃப்ரிட்ஜ் கதவில் தினமும் இருக்கிற பாட்டில் அது. பெரியவர்கள் நாங்கள் எடுக்கிறோம், ஊசி போடுகிறோம், திரும்ப வைத்துவிடுகிறோம். அதிலுள்ள எழுத்தைப் படித்துவிட்டுச் சந்தேகப்பட்டவள் நீதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் உடம்பிலிருந்தும் எடுக்கவில்லை. அதைச் செய்து கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். பெரும்பாலும் ஈஸ்ட். டீக்கடை பன்னை உப்ப வைக்கிறதே, அந்த ஈஸ்ட்டும் அதன் உறவுக்காரர்களும்தான். (இட்லி மாவு பொங்குவதும் ஈஸ்ட்டாலா என்று அடுத்துக் கேட்பாய். அங்கே பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. அது வேறு கதை.)

இன்சுலின் எதற்கு என்று பார்ப்போமா? நீ மாம்பழம் சாப்பிடுகிறாய். அதிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்திலிருந்து அது தசைக்குள் போய்ச் சேர இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம்தான் அதைச் சுரக்கிறது. சிலருக்குச் சுரப்பதே இல்லை. சிலருக்குச் சுரப்பது போதவில்லை. அப்போது சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். தாத்தா 'சுகர்' என்று சொல்வது இதைத்தான்.

இன்சுலின் ஒரு புரதம். அமினோ அமிலம் என்ற சின்னத் துண்டுகளை வரிசையாகக் கோத்தால் புரதம். இன்சுலினில் மொத்தம் 51 துண்டுகள். ஒரு சங்கிலியில் 21, இன்னொன்றில் 30. இந்த வரிசையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் சாங்கர். அதற்காக 1958இல் நோபல் பரிசு வாங்கினார். 51 என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு சுமார் 60 ஆண்டுகள் உலகம் முழுக்க மாடும் பன்றியும்தான். இறைச்சிக் கூடங்களில் கணையங்களைச் சேகரித்து, உறைய வைத்து, ஆலைக்கு அனுப்புவார்கள். கால் கிலோகூட இல்லாத இன்சுலினுக்கு 2 டன் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன என்று கணக்குச் சொல்வார்கள். யோசித்துப் பார், எத்தனை லாரி!

உங்கள் பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்திலேயே இந்த நோய்க்காகவே ஒரு மருத்துவமனை கட்டினார். இப்போதும் அது நடக்கிறது. அந்த நாளில் அங்கே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கிடைத்ததும் விலங்கு இன்சுலின்தான். வேறு எதுவும் உலகத்தில் இல்லை.

பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் 51இல் ஒரே ஒரு துண்டுதான் வேறு. மாட்டுக்கு 3 துண்டுகள் வேறு. அவ்வளவு நெருக்கம். இருந்தாலும் சிலர் உடம்பு 'இது என்னுடையது இல்லை' என்று கண்டுபிடித்துவிடும். ஊசி போட்ட இடம் தடித்து அரிக்கும். மாடா, பன்றியா என்று கேட்டுத் தயங்கியவர்களும் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

இதுவரை புரிந்ததா? சரி, இனிதான் சுவாரசியம்.

எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற குறிப்பு உன் உடம்பின் செல்களுக்குள் இருக்கிறது. அதற்கு மரபணு என்று பெயர். செல் அதைப் படித்துப் புரதம் கோக்கிறது. மனிதச் செல் படிக்கும் அதே எழுத்தைத்தான் ஈஸ்ட்டும் படிக்கும், பாக்டீரியாவும் படிக்கும். அப்படியானால் மனித இன்சுலினின் குறிப்பை அவற்றுக்குள் வைத்தால்? செய்து பார்த்தார்கள். 1978இல் அமெரிக்காவில் ஒரு பாக்டீரியா மனித இன்சுலினைச் செய்தது. 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. 1987இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் ரொட்டி ஈஸ்ட்டில் செய்யத் தொடங்கியது.

பாக்டீரியா இருக்கும்போது ஈஸ்ட் எதற்கு? நல்ல கேள்வி. கோத்துவிட்டால் மட்டும் போதாது. சங்கிலிகளைச் சரியாக மடித்து, 3 இடங்களில் கந்தகப் பிணைப்புப் போட வேண்டும். பாக்டீரியா மடிக்கத் தெரியாமல் தன் உள்ளேயே குவித்து வைத்துவிடும். அதை உடைத்தெடுத்து நாம்தான் பிறகு மடிக்க வேண்டும். ஈஸ்ட்டோ ஓரளவு மடித்தே, வெளியில் உள்ள திரவத்தில் விட்டுவிடும். வடிகட்டி எடுப்பது சுலபம்.

நம் நாட்டில் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004இல் மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிரண் மஜும்தார் ஷா 1978இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆரம்பத்தில் அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? பப்பாளியிலிருந்து ஒரு நொதி எடுத்தார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து பானங்களைத் தெளிய வைக்கும் ஒரு பொருள் எடுத்தார்கள். காசிமேட்டில் மீன் வெட்டும்போது வெள்ளையாக ஒரு பை வருமே, அதேதான்!

இன்சுலினுக்கு அவர்கள் பயன்படுத்தியது பிச்சியா என்ற ஈஸ்ட். இதை வளர்த்து ஆளாக்கியது ஓர் எண்ணெய் நிறுவனம் என்றால் நம்புவாயா? 1970களில் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம், எரிவாயுவிலிருந்து மெத்தனால் செய்து, அதை இந்த ஈஸ்ட்டுக்குப் போட்டு, கால்நடைத் தீவனம் செய்யப் பார்த்தது. எண்ணெய் விலை ஏறியதும் கணக்குக் கட்டவில்லை. தீவனம் தோற்றது, ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது.

மெத்தனால் நமக்குக் கொடிய விஷம். கள்ளச்சாராயச் சாவுகள் பற்றிய செய்திகளில் அடிபடும் பெயர் அதுதான். எண்ணூர், மணலி பக்கம் போகிற டேங்கர் லாரிகளிலும் அந்தப் பெயர் கண்ணில் படலாம். பிச்சியாவுக்கு அது சாப்பாடு. அதைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். மெத்தனால் வந்தால் மட்டுமே அந்த நொதியின் மரபணு வேலை தொடங்கும். தொடங்கினால் மும்முரமாக நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடிக்கும்வரை யாரும் டிபன் டப்பாவைத் திறப்பதில்லை. மணி அடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே சமயத்தில் மூடி திறக்கும். பிச்சியாவுக்கு மெத்தனால்தான் மணி. விஞ்ஞானிகள் அந்த நொதியின் மரபணுவை இயக்கும் பகுதியை எடுத்து, அதன் பின்னால் இன்சுலின் மரபணுவைக் கோத்துவிட்டார்கள். முதலில் பெரிய எஃகுத் தொட்டியில் வேறு உணவு போட்டு ஈஸ்ட்டைப் பெருக வைப்பார்கள். அது போதிய அளவு பெருகியதும் மெத்தனால். உடனே தொட்டியில் உள்ள அத்தனை செல்லும் இன்சுலின் கோக்க ஆரம்பிக்கும்.

வெளியே வருவது முழு இன்சுலின் அல்ல, கொஞ்சம் நீளமான முன்வடிவம். அதை ட்ரிப்சின் என்ற நொதி வெட்டிச் சரிசெய்யும். ஒரு வேடிக்கை: அந்த ட்ரிப்சினையும் முன்பு பன்றிக் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். இப்போது அதையும் நுண்ணுயிர்களே செய்கின்றன.

கடைசியாக ஒன்று. ஈஸ்ட் செய்த புரதம் தாத்தாவுக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசியை இதே பிச்சியாவில் செய்தது. அதில் இருப்பது மனிதப் புரதம் இல்லை, கிருமியின் மேலுறைப் புரதம். கிருமியே இல்லாமல் உறை மட்டும்! இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் இந்தத் தடுப்பூசி போட வேண்டும் என்பது அரசுத் திட்டம். அம்மாவிடம் உன் தடுப்பூசி அட்டையை வாங்கி, முதல் நாளுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.