பறவையைப் பிடிக்காமற் பிடிக்கும் கலை

மனிதன் பறவையைப் பலவாறு பிடித்திருக்கின்றான். கண்ணி வைத்துப் பிடித்தான். வலை வீசிப் பிடித்தான். துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தினான். இவை யாவும் பறவைக்குக் கேடு பயப்பன. பறவையின் உடலை விட்டு உருவத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளும் வேறொரு வகையும் உண்டு. அதுவே படம் பிடித்தல். உலகெங்கும் இன்று பல்லாயிரவர் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். நமது நாட்டிலும் இளைஞர் பலர் விடுமுறை நாட்களிற் கமராவும் கையுமாகக் குளக்கரைகளை நாடிச் செல்கின்றனர். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், இப்பொழுதுபோக்கு எக்காலத்தும் தீங்கற்றதுதானா என்பதையும் நாம் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பறவையாராய்ச்சி என்றாற் பெரும்பாலும் துப்பாக்கி என்றே பொருள். ஒரு பறவை இன்ன இனத்தது என்று துணிவதற்கு அதனைச் சுட்டு, தோலை உரித்துப் பஞ்சடைத்துப் பேழையில் வைத்தார்கள். இந்நிலையை மாற்ற உதவியவர்களுள் முதன்மையானோர் இங்கிலாந்தின் யோர்க்சயர் மாகாணத்திற் பிறந்த றிச்சார்ட் கேர்ட்டன், செறி கேர்ட்டன் என்னும் சகோதரர். 1892ஆம் ஆண்டில் இவர்கள் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றைப் படமெடுத்தனர். அக்காலத்துக் கமரா பாரமானது. கண்ணாடித் தகட்டில் உருவம் பதிவதற்கு நேரமும் அதிகம் வேண்டும். தொலைவிலுள்ள பறவையை அருகிற் கொணரும் வில்லைகளும் கைக்கெட்டாதவை. ஆதலாற் பறவையின் அருகே சென்றாலன்றிப் படமெடுக்க இயலாதிருந்தது. 1900ஆம் ஆண்டளவில் இச்சகோதரர், உள்ளே குடைவான மாட்டுருவம் ஒன்றைத் தோலினாற் செய்வித்து, அதனுள் ஒளிந்திருந்து படமெடுத்தனர். மாட்டைக் கண்டு பறவை அஞ்சுவதில்லையன்றோ!

இத்தகைய உழைப்பு வீண்போகவில்லை. பிரித்தானியாவில் நாணற்காடுகளில் வாழும் பெருங்குருகு என்னும் பறவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இனப்பெருக்கம் செய்யாது அற்றுப்போயிற்று. 1911ஆம் ஆண்டிலே நோர்போக் பகுதியின் சதுப்புநிலத்தில் எம்மா டேர்னர் என்னும் பெண்மணி அப்பறவையின் குஞ்சொன்றைப் படமெடுத்தார். அற்றுப்போன பறவை மீண்டும் வந்து கூடுகட்டியது என்பதற்கு அப்படமே சான்றாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் இதே செய்தியை நிறுவுவதற்கு அக்குஞ்சைக் கொன்றிருப்பார்கள்.

இக்கலையிற் புகழ்பெற்ற எரிக் ஹொஸ்கிங் என்பவரின் வரலாறும் நினைவுகூரத்தக்கது. 1937ஆம் ஆண்டில் ஓர் இரவு, ஆந்தையின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்துக்கு அவர் ஏறிச் சென்றபோது, தாய் ஆந்தை ஓசையின்றிப் பாய்ந்து தன் நகத்தினால் அவருடைய இடக்கண்ணைத் தாக்கியது. அக்கண்ணை அவர் இழந்தார். எனினும் எஞ்சிய ஒற்றைக் கண்ணுடன் பல்லாண்டுகள் பறவைகளைப் படமெடுத்து உலகப் புகழ் எய்தினார். அவருடைய விடாமுயற்சி போற்றற்குரியதே. அதே வேளை, தன் குஞ்சைக் காக்க ஒரு பறவை எவ்வளவு தூரம் துணியும் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. ஆந்தைக்கு நகம் இருந்தது. நகமற்ற சிறு குருவிகளோ கூட்டைக் கைவிட்டுப் போவதையன்றி வேறென்ன செய்யும்?

தமிழர் நமக்கும் இத்துறையிற் பெருமைப்படத்தக்க ஒருவர் உளர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய மா. கிருஷ்ணன் (1912 – 1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். வனவிலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். அவர் விலையுயர்ந்த கருவிகளை நாடவில்லை. பழைய உறுப்புகள் பலவற்றைத் தாமே பொருத்தி அமைத்த கமராவினால் அரிய படங்களை எடுத்தார். கருவி பெரிதன்று, கவனிப்பே பெரிது என்பதற்கு அவர் வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

பயிற்சி முறை

இன்றோ படச்சுருள் கழுவும் செலவில்லை. 400 மில்லிமீற்றர் அளவான வில்லையொன்று இருப்பின் கொக்கொன்றை அதன் அமைதி குலையாத தூரத்தில் நின்றே படமெடுக்கலாம். பறக்கும் பறவையின் சிறகு கலங்காது பதிவதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நேரம் போதும். சூரியன் உதித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கிடைக்கும் சாய்ந்த ஒளி மிகச் சிறந்தது. உச்சி வெயிலில் வெண்ணிறப் பறவையின் இறகுகள் தெளிவிழந்து வெறும் வெள்ளையாகிவிடும். பறவையின் கண் தெளிவாகப் பதிதல் வேண்டும். நின்றுகொண்டு எடுப்பதிலும், குனிந்தோ படுத்தோ பறவையின் கண்மட்டத்திலிருந்து எடுப்பது உயிரோட்டமுள்ள படத்தைத் தரும்.

இவற்றையெல்லாம் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளலாம். பொறுமையைக் கற்பதற்கோ ஆண்டுகள் செல்லும். பறவையை நோக்கி நேராக நடப்பவனை அது வேட்டைக்காரனாகவே எண்ணும். வளைந்து வளைந்து, இடையிடையே நின்று, ஒன்றையும் நாடாதவன் போலச் செல்லுதல் வேண்டும். அதனினும் நன்று, பறவை வரும் இடத்தை முன்னரே அறிந்து, அங்கு அசையாதிருந்து காத்திருத்தல்.

வடபகுதியில் வாழும் நமக்கு இதற்குத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழப் புரட்டாதி, ஐப்பசி மாதங்கள் தொடக்கம் சித்திரை வரையில் வடதிசை நாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் நமது கடனீரேரிகளில் நிறைகின்றன. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாயிற்று. மன்னார் மாவட்டத்து வங்காலை 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த றாம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியை அண்டிய ஆழமற்ற நீரில் ஊசிவால் வாத்துகளையும், நெடுங்கால் உள்ளான்களையும், நற்பேறிருப்பின் செந்நிறச் சிறகு விரிக்கும் பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, உள்ளிருந்தவாறே படமெடுப்பது நலம். மனிதனைக் கண்டு வெருளும் பறவை பெரும்பாலும் வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை. கேர்ட்டன் சகோதரரின் மாடு செய்த வேலையை இன்று மோட்டார் வண்டி செய்கின்றது!

படமா, பறவையா?

ஆயினும், கருவி திருந்திய அளவுக்கு மனம் திருந்தியதா? எனது அயல்வளவிலுள்ள மாதுளஞ்செடியில் தேன்சிட்டொன்று சிலந்தி நூலும் சருகும் சேர்த்துக் கூடு தொங்கவிட்டிருந்தது. குஞ்சு பொரித்த செய்தியறிந்து வந்த அன்பர் ஒருவர், படத்துக்கு இடையூறாயிருந்த இலைக்கொத்துகளை வெட்டியகற்றினார். தாய் இரையூட்டும் அழகிய படம் அவருக்குக் கிடைத்தது. கண்டோர் பலர் பாராட்டினர். மூன்றாம் நாட்காலை காகம் குஞ்சுகளைக் கொண்டுபோயிற்று. அலகிற் பூச்சியுடன் வந்த தாய், வெறுங்கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்ததை அவ்வீட்டுச் சிறுவர்கள் கண்டு கலங்கினர். அன்பர் தீய மனத்தினரல்லர். இலை மறைவே அக்கூட்டின் மதில் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆட்காட்டியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அது வெறுந்தரையில் முட்டையிடுவது. கடும் வெயிலில் நிழல் செய்தும், வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து குளிர்வித்தும் முட்டைகளைக் காக்கும். நாம் அருகே நிற்கும் நேரமெல்லாம் அது கூட்டுக்குத் திரும்பாது கதறிக்கொண்டிருக்கும். முட்டைகளோ வெயிலில் வேகும். அவ்வாறே, பறக்கும் காட்சி வேண்டுமென்று கல்லெறிந்தோ கைதட்டியோ பூநாரைக் கூட்டத்தை எழுப்புவோரும் உளர். வலசைப் பறவை இங்கு வந்து உண்பது, திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கு உடலிற் கொழுப்பைச் சேமிப்பதற்காகவுமாகும். வீணே எழுப்பப்படும் ஒவ்வொரு தடவையும் அச்சேமிப்பிலே ஒரு பகுதி செலவாகின்றது. பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதும் நன்றன்று. எதிரி புகுந்ததென்று எண்ணி, இரை தேடும் நேரத்தை அது போராட்டத்திற் கழிக்கும்.

பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், அருகிவரும் பறவைகளை அவற்றின் கூட்டருகே அனுமதிப்பத்திரமின்றித் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கியுள்ளது. நமது நாட்டிலும் 1937ஆம் ஆண்டு தொடக்கம் வனசீவராசிகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் உண்டு. எனினும் ஆளரவமற்ற நீர்க்கரையில், மனச்சாட்சியன்றி வேறு காவலர் எவர் இருக்கின்றனர்?

பிள்ளைகளுக்கு இப்பொழுதுபோக்கைப் பழக்க விரும்பும் பெற்றோர், முதலிற் கமராவை வாங்கவேண்டுமென்பதில்லை. ஒரு குறிப்புப் புத்தகமும், இயலுமாயின் ஒரு தொலைநோக்குக் கண்ணாடியும் கொடுங்கள். வீட்டு முற்றத்துக்கு வரும் புலுனியும் செண்பகமும் எந்நேரத்தில் வருகின்றன, எதனை உண்கின்றன, எதற்கு அஞ்சுகின்றன என்று ஓராண்டு எழுதட்டும். அதன் பின்னர் கைக்கு வரும் கமரா நல்ல படமெடுக்கும். கூடுகளைப் படமெடுக்கும் ஆசையைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடச் சொல்லுங்கள். நீர்க்கரையிலும் வயல்வெளியிலும் எடுப்பதற்குக் குறைவில்லை. எடுத்த படத்தைப் பிள்ளை கொண்டுவந்து காட்டும்போது, "நீ திரும்பி வரும்பொழுது அப்பறவை என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். "முன்போலவே மேய்ந்துகொண்டிருந்தது" என்று விடை வருமாயின், படம் சற்றுக் கலங்கியிருந்தாலுங் குற்றமில்லை, மனமாரப் பாராட்டுங்கள்.