கணினி சொன்னதும் சொல்லாததும்



சென்ற ஆண்டு என் காரின் முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கிற்று. அதை அணைக்கப் புகுந்து என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை வீணாக இழந்தேன். ஏன் இழந்தேன் என்பதை இன்று விளக்க எண்ணுகிறேன்.

இக்காலத்துக் கார்களில் பெட்ரோலின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் நிர்ணயிப்பது ஒரு கணினி. அதற்கு எஞ்சினின் நிலையைத் தெரிவிப்பவை உணர்கருவிகள். வரும் செய்தி பொருந்தாவிடில் கணினி ஒரு குறியெண்ணைப் பதிந்துகொண்டு விளக்கை ஏற்றும். 1996 முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்குப் பொதுவான குறியெண் முறை கட்டாயமாயிற்று. பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது.

என் வண்டி காட்டிய எண் பி0118. பணிமனையார் ஸ்கேனரில் அதைப் படித்தவுடன், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி கெட்டதென்று கூறிப் புதியது பொருத்தினர். இரண்டாம் நாளே விளக்கு மீண்டும் எரிந்தது. குளிர்ந்த எஞ்சினில் சாவியைத் திருப்பினாலும் விசிறி சுழன்றது.

உண்மையில் அவ்வெண்ணின் பொருள், "இந்தச் சுற்றில் மின்னழுத்தம் மிக அதிகம்" என்பது மட்டுமே. கணினி 5 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிலையான மின்தடை வழியாக உணர்கருவிக்கு அனுப்புகிறது. வெப்பம் ஏற ஏற உணர்கருவியின் தடை குறையும். அதனால் கம்பியிலுள்ள அழுத்தமும் குறையும். சுற்று அறுந்தால் மின்னோட்டம் நின்று, அழுத்தம் 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். உடனே கணினி, நீர் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிர்ந்திருப்பதாகக் கணக்கிடும். அறுந்தது உணர்கருவியா, கம்பியா? அதைக் கணினி அறியாது.

மோட்டார் தொழில் கற்ற என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். "பழைய கருவியை வைத்திருக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டான். எதையும் எறியாத என் வழக்கம் அன்று பயன்பட்டது! மல்டிமீட்டரில் அதன் தடை ஏறத்தாழ 1,700 ஓம். 80 டிகிரி வெந்நீரில் அமிழ்த்தியதும் 300 ஓம் அளவுக்கு இறங்கிற்று. குற்றம் சாட்டப்பட்டது நிரபராதி!

பின்னர் வண்டியிலிருந்த புதுக் கருவியின் இணைப்பைக் கழற்றி, கம்பிப் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தான். கம்பிகள் நல்லவையாயின் ஸ்கேனரில் வெப்பம் உச்சத்துக்குத் தாவவேண்டும். அசையவில்லை. ஆகவே பழுது கணினிக்கும் இணைப்புக்கும் இடையில். கம்பிக்கற்றையைத் தடவிச் சென்றவன், பேட்டரித் தட்டின் அடியில் எலி கடித்த இடத்தைக் கண்டான். இரண்டொரு இழைகளே அதுவரை தாங்கியிருந்தன. அதனால்தான் விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்தது.

ஓர் எச்சரிக்கை: முனைகளை இணைக்கும் இச்சோதனை, இரு கம்பிகள் மட்டுமுள்ள இவ்வகைக் கருவிக்கே உரியது. மூன்று கம்பிக் கருவிகளில் ஒன்று நேரடி மின்வழியாக இருப்பதால் கணினிக்கே தீங்கு நேரலாம். தடையை அளக்கும்போது இணைப்பைக் கழற்றியே அளக்கவேண்டும்.

கம்பியைப் பற்றவைத்து உறையிட்டுக் கொடுத்த அவன் என்னிடம் பணம் வாங்க மறுத்தான். பழைய உணர்கருவி இன்னும் என் மேசையில் கிடக்கிறது.