கிஸ்ஸிஞ்சரின் கிளையன்ட் லிஸ்ட்

ஒரு ஐடி கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் நம்மிடம் எத்தனை கையெழுத்து வாங்குகிறார்கள்! பழைய கிளையன்ட் பக்கம் போகாதே, பார்த்ததை வெளியே சொல்லாதே. கோடு அடிக்கிறவனுக்கே இவ்வளவு. ஒரு நாட்டின் ரகசியங்களைத் தலையில் சுமந்தவர் ரிட்டயர் ஆனால்?

ஹென்றி கிஸ்ஸிஞ்சரை நம்ம ஊர்க்காரர்கள் 1971-க்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பாகிஸ்தானில் ரத்தம் ஓடியபோது, பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பெய்ஜிங் போய்வந்தவர். 1977-ல் பதவி முடிந்தது. 1982-ல் நியூயார்க்கில் கிஸ்ஸிஞ்சர் அசோசியேட்ஸ் என்று கன்சல்டிங் கடை திறந்தார்.

விற்றது என்ன? அனுபவம் என்பார்கள். என்னைக் கேட்டால், போன் போட்டால் எடுக்கிற ஆட்கள்தான் சரக்கு. அங்கே வேலை பார்த்த ஸ்கோக்ராஃப்ட், ஈகிள்பர்கர் இருவரும் 1989-ல் மறுபடி அரசாங்கத்துக்குள் போனார்கள். வெளியே போக ஒரு கதவு, உள்ளே வர அதே கதவு. ஆனால் கிளையன்ட்கள் யார் என்பது மட்டும் ரகசியம்.

அந்த ரகசியம் மாட்டிக்கொண்டது 2002 நவம்பரில். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரிக்கும் கமிஷனுக்கு அவரைத் தலைவராக்கினார் புஷ். அந்தத் தாக்குதலில் கணவரை இழந்த பெண்கள் சிலர், இங்கே நான் இருக்கும் நியூஜெர்சியைச் சேர்ந்தவர்கள், அவர் ஆபீசுக்கே போய்க் கேட்டார்கள்: உங்களுக்கு சவுதி கிளையன்ட் உண்டா? பின்லேடன் என்ற பெயரில் யாராவது? ஊற்றிக்கொண்டிருந்த காபி சிந்திவிட்டது என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். லிஸ்ட்டைக் காட்டுவதற்குப் பதில், டிசம்பர் 13-ம் தேதி பதவியையே விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய பொறுப்பைவிட அந்தத் தாள் பெரிதாக இருந்திருக்கிறது!

இந்தியாவில் உயரதிகாரிகள் ஓய்வுபெற்று ஒரு வருஷம் தனியார் வேலைக்குப் போகக்கூடாது, போக அரசு அனுமதி வேண்டும் என்பது விதி. வெளியுறவுச் செயலராக இருந்த ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் ஓய்வுபெற்றார். விதிவிலக்கு வாங்கி, ஏப்ரலில் டாடா சன்ஸில் சேர்ந்தார். 2019 மே மாதம் வெளியுறவு அமைச்சர். அந்த விலக்கு தேவைதானா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். ஆனால் சம்பளம் கொடுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் கேள்வியே கேட்க முடிகிறது.

ஒரு வருஷக் காத்திருப்பை நான் பெரிதாக நம்பவில்லை. 2023 ஜூலையில், பதவியை விட்டு 46 வருஷம் கழித்து, நூறு வயசில் பெய்ஜிங் போனார் கிஸ்ஸிஞ்சர். அமெரிக்க ராணுவ அமைச்சரைச் சந்திக்க அதற்குச் சற்று முன்புதான் மறுத்திருந்த சீன ராணுவ அமைச்சர், இவரைச் சந்தித்தார். ஷி ஜின்பிங்கும் வரவேற்றார். இந்தச் சரக்கு ஆறவே ஆறாது சார்! யாரிடம் காசு வாங்குகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதுதான் உருப்படியான விதி.

அந்த நவம்பரில் கிஸ்ஸிஞ்சர் காலமானார். நியூஜெர்சிப் பெண்கள் கேட்ட லிஸ்ட்டை அவர் கடைசிவரை வெளியிடவில்லை.